அவர் பெயரைச் சொன்னேன்

போன குளிர்காலத்தில் என் வீட்டுக்காரருக்கு மார்ச்சளி. டில்லியில் ஓர் அரசு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். நாற்பது கட்டிலுக்கு ஒரே நர்ஸ். துடைப்பது, ஊட்டுவது எல்லாம் எங்களைப் போலக் கூட இருப்பவர்கள்தான். என் அளவுக்குச் சுத்தமாக யாரும் பார்க்கவில்லை என்பேன்.

ஒரு காலை, வெயில் படட்டுமென்று ஜன்னலோரத்துக்காரரைக் கேட்டு, அவர் கட்டிலுக்கு இவரை மாற்றினேன். சற்று நேரத்தில் அன்றைக்குப் புதிதாக வந்த மலையாளத்து நர்ஸ் ஊசியோடு வந்தாள்.

“பேரு எந்தாம்மா?”

கட்டிய நாளிலிருந்து அவர் பெயரை நான் வாயால் சொன்னதில்லை. கட்டிலில் எழுதியிருந்த எண்ணைப் பார்த்து, “பதினாலாம் நம்பர்” என்றேன்.

அவள் இவர் சட்டைக் கையை மடித்ததும் இவர் விழித்துக்கொண்டார்.

“சிஸ்டர், நான் சுப்பையா. எனக்கு ஊசி நேத்தே முடிஞ்சுபோச்சே.”

அவள் சீட்டைப் பார்த்தாள். அது ஜன்னலோரத்துக்காரரின் சர்க்கரை வியாதி ஊசி.

“நாப்பது பேருக்கு நான் ஒருத்தி அம்மா. நீங்க பேரு சொல்லலேன்னா எனக்கெப்படித் தெரியும்?”



அதற்குப் பிறகு மருந்தென்று யார் வந்தாலும் முதலில் அவர் பெயரை உரக்கச் சொல்லிவிடுவேன். முதல் தடவை சொன்னபோது அவர் சுற்றுமுற்றும் பார்த்து, “யாருடி என்னைக் கூப்பிட்டது?” என்றார். நான்தான் என்றேன்.