ஆயிரத்தோடு நின்ற ஜம்புநாதன்

ஜம்புநாதன் காலமாகி நாற்பது நாள் ஆகிறது. உருக்கமாக நாலு வரி எழுதப் போனால் வகுத்தல் கணக்குதான் முன்னால் வந்து நிற்கிறது. மனிதர் அப்படித்தான் வாழ்ந்தார்.

கசார்வாடிப் பட்டறை ஒன்றில் முப்பது வருஷம் தரப் பரிசோதகர். ஒரு போல்ட்டைக்கூட அளந்து கையெழுத்துப் போடாமல் வெளியே விட்டதில்லை. ஓய்வு பெற்றபின் அளக்க ஒன்றும் அகப்படாமல் எண்களைப் பிடித்துக்கொண்டார்.

விஷ்ராந்த்வாடியில் அவர் குடியிருந்த அடுக்குமாடிச் சொசைட்டி, ஓடாத வண்டிகளை அகற்றச் சொன்னது. அவருடைய ஸ்கூட்டர் ஓடி ஒன்பது வருஷமாகியிருந்தது. இருக்கையில் பூனை குடித்தனம் நடத்தியது. ஆனால் சேசிஸில் பொறித்த எண் 1022117. ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறு எதாலும் வகுபடாத பகா எண் அது என்று அவருக்கு நம்பிக்கை. அப்பேர்ப்பட்டதை உடைக்கக் கொடுப்பது பாவம் என்றார். வகுபட்டால் வண்டி பழைய இரும்புக்குப் போகும், வகுபடாவிட்டால் நிற்கும் என்று மனைவி பட்டுவோடு ஒப்பந்தமாயிற்று. ஒரு வாரத்தில் முடிந்துவிடும் என்று அவள் நம்பினாள், பாவம்.

கால்குலேட்டர் கூடாது. நாளுக்கு ஒரு பகா எண், கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கத்தில். இரண்டுக்கே ஒரு முழு நாள் கொடுத்தார். ஒற்றைப்படை எண்ணை இரண்டால் வகுத்து, மீதி ஒன்று என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார். சொசைட்டிக்குச் 'சோதனை நடக்கிறது' என்று கடிதம் போயிற்று. ஆயிரத்துக்குள் நூற்று அறுபத்தெட்டுப் பகா எண்கள், ஐந்தரை மாதம். கடைசி எண்ணான 997-ஆலும் வகுபடவில்லை. அன்று கேசரி கிளறச் சொன்னார்.

பட்டு எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுப்பவள். கேசரியை இறக்கிவிட்டு வந்தாள்.

"ஏன்னா, ஆயிரத்தோட ஏன் நிறுத்தினேள்?"

"பகா எண் அட்டவணை அதோட முடிஞ்சுடுத்து."

"வர்க்கமூலம் வரைக்கும் போகணுமோன்னோ?"

எங்கே நிற்க வேண்டும் என்று பார்க்க 1011-ஐ 1011-ஆல் பெருக்கினாள். 1022121. வண்டி எண்ணைவிட நாலு கூடுதல். நாலு, இரண்டின் வர்க்கம். வர்க்கத்திலிருந்து வர்க்கம் கழிந்தால், மூலங்களைக் கழித்தது ஒன்று, கூட்டியது ஒன்று, இரண்டையும் பெருக்கு என்று அவள் பிள்ளைகளே சொல்லும். ஆயிரத்து ஒன்பது, ஆயிரத்துப் பதிமூன்று; பெருக்கினால் வண்டி எண். கேசரி ஆறவில்லை.

அவர் 1009-ஆல் மூன்று முறை வகுத்தார். மீதியே வரவில்லை. 1009 பகா எண்தானா என்று முதலில் பார்க்க வேண்டும் என்றார்.

"அது என்னவா இருந்தா என்ன? வண்டி வகுபட்டுடுத்து."

ஞாயிற்றுக்கிழமை பழைய இரும்புக்கடை ஹபீபுல்லா கட்டரோடு வந்தார். எண் பொறித்த துண்டைத் தனியே வெட்டி ஆர்.டி.ஓ.வில் ஒப்படைக்க வேண்டும். அந்த நேரம் பார்த்துப் பட்டுவுக்கு மனசு இளகிவிட்டது. இன்னும் ஒரு மாசம் நிற்கட்டுமே என்றாள்.

"தேறலைன்னா தேறலைதான், பட்டு."

"வெட்டிரலாமா சார்?" என்றார் ஹபீபுல்லா.

ஜம்புநாதன் உள்ளே போய்ச் சிவப்புப் பெயிண்ட் எடுத்துவந்தார். பட்டறையில் தேறாத போல்ட்டுக்குப் போடுவதுபோல எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி இட்டார். அது காயும்வரை கட்டரை ஓட்ட விடவில்லை.