தபிதா டீச்சர் வாயில் வராத சொல்

தபிதா டீச்சருக்கு எதையும் முகத்துக்கு நேராகக் குறை சொல்ல வராது. குழம்பில் உப்பே இல்லாவிட்டாலும், "உப்பு கொஞ்சம் யோசிச்சுக்கினு இருக்குது" என்பார். சித்தூர் சர்ச் பாடகர் குழுவில் வளர்ந்த குரல், யாரையும் அதட்டிப் பழகவில்லை. விஜயபுரம் பக்கத்துப் பள்ளியில் அவர் கணக்கு, நான் சோஷியல். ரிசல்ட்டைப் பெற்றோருக்குச் சொல்லும் வேலையை அவரிடம் கொடுத்தது எந்தப் புண்ணியவானோ, கையில் கிடைத்தால் நாலு வார்த்தை கேட்பேன்.

போன வருஷம் பத்தாம் வகுப்பில் கீர்த்தி கணக்கில் மட்டும் தோற்றுவிட்டாள். அவள் அம்மா தாட்சாயணிக்கு டீச்சர் போன் போட்டார். 'ஃபெயில்' தொண்டையிலேயே மாட்டிக்கொண்டது. தமிழில் ஆரம்பித்து, கொஞ்சம் மெதுவாக இறங்கட்டும் என்று தெலுங்கில் முடித்தார்.

"அக்கா, கீர்த்தி மேத்ஸ்ல தப்பிந்தி."

தெலுங்கில் அதற்குத் தோற்றுவிட்டாள் என்று அர்த்தம். தாட்சாயணிக்கும் தெலுங்கு தண்ணீர் பட்ட பாடுதான். ஆனால் பெற்றவள் காது அதைத் தமிழாக்கிக்கொண்டது. மகள் தப்பித்துக் கரையேறிவிட்டாள்! "கோவிந்தா!" என்று திருமலையைக் கும்பிட்டுப் போனை வைத்தார். எல்லாம் கோவிந்தா என்று புலம்புகிறார் என நினைத்து டீச்சர் அன்று சாப்பிடவே இல்லை.

சப்ளிமெண்டரி பரீட்சைக்குப் பணம் கட்ட கீர்த்தி வரவில்லை. மறுநாள் கடைசி நாள். விட்டால் பெண்ணுக்கு ஒரு வருஷம் வீண். டீச்சரின் ஸ்கூட்டியில் நானும் தொற்றிக்கொண்டேன்.

கீர்த்தி வீட்டுக்குப் போனால், ரேணிகுண்டாவிலிருந்து வீட்டுக்காரரும் லீவில் வந்துவிட, மகள் பாஸான சந்தோஷத்தில் தாட்சாயணி தெருவுக்கே கேசரி கொடுத்துக்கொண்டிருந்தார். கதவுக்குப் பின்னால் கீர்த்தி. ரிசல்ட்டைப் போனில் பார்த்தவள்தான். அம்மாவின் சிரிப்பைக் கெடுக்க மனசில்லாமல் வாயை மூடிக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் அவள் கண் நிறைந்தது.

"வாங்க டீச்சரம்மா, துன்னுங்க!"

டீச்சர் தட்டை வாங்காமல் அவர் கையைப் பிடித்துச் சமையலறைக்குள் போனார். பின்னாலேயே நானும்.

"அக்கா, கீர்த்தி கணக்குல ஃபெயிலு. நான்தான் சரியா சொல்லல. பொண்ணை ஒண்ணும் சொல்லாதீங்க." சொன்னவருக்குத்தான் அழுகை வந்தது.

தாட்சாயணி கையிலிருந்த கரண்டியைக் கேசரிப் பாத்திரத்தில் வைத்தார். பிறகு, "மீதி?" என்றார்.

"அஞ்சுலயும் பாஸு."

"அப்போ இது அஞ்சுக்கு," என்று டீச்சர் உள்ளங்கையில் கேசரியை வைத்தார். "கணக்குக்கு வேற கிண்டிக்கிறேன். கீர்த்திய இட்டுக்கினு போய் சொல்லிக் குடுங்க." அந்த இரண்டு பேரையும் சேர்த்துக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது எனக்கு.

அந்த மாதம் முழுக்க கீர்த்தி டீச்சர் வீட்டிலேயே கிடந்து கணக்குப் போட்டாள். சப்ளிமெண்டரி ரிசல்ட் வந்த அன்று டீச்சர் போனைத் தொடவே இல்லை. நேரில் போய் வாசலில் நின்றே கத்தினார்.

"அக்கா, கீர்த்தி பாஸு!"

தாட்சாயணி கேசரிக்கு அடுப்பு பற்றவைக்க அவசரப்படவில்லை. இடுப்பில் கையை வைத்துக்கொண்டு கேட்டார்.

"டீச்சரம்மா, இது எந்த பாஷை பாஸு?"