அறுபது வீட்டுச் சாப்பாட்டைத் தேடித் தந்த அந்தோனியார்

செவ்வாய்க்கிழமை நவநாளில் என்னோடு முழந்தாளிடுகிற சகோதரங்களே, சங்கிலி, சைக்கிள், ஆடு என்று தொலைந்தவற்றை அந்தோனியார் கண்டெடுத்துக் கொடுத்த கதைகளை நீங்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். எனக்குத் தொலைந்தது கொஞ்சம் பெரிய சாமான். அறுபது வீட்டுச் சாப்பாடு. அது கிடைக்காவிட்டால் எனக்குப் பட்டம் இல்லை என்று ஆகிப்போன நாட்களைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

நான் மன்னார் தோட்டவெளி அருள்மேரியின் மகள். தமிழ்நாட்டு அகதி முகாமில் பிறந்து, சண்டை முடிந்தபின் அம்மாவோடு ஊருக்கு வந்தவள். பல்கலைக்கழகத்தில் போசணையும் உணவுமுறையும் படிக்க இடம் கிடைத்தபோது, "சாப்பிடுறதையும் நாலு வருசம் படிக்கிறதோ?" என்று கேட்காத ஆள் எங்கள் ஒழுங்கையில் இல்லை. அம்மா மட்டும் கேட்கவில்லை. நான் முதலாம் வருடம் படிக்கும்போதே பட்டமளிப்புப் படம் மாட்டுவதற்குச் சுவரில் ஆணி அடித்துவிட்டார்.

இறுதி வருடத்தில் ஆய்வறிக்கை எழுத வேண்டும். நான் மன்னார்க் கரையோரத்து அரிப்பு என்ற ஊரைத் தெரிந்தெடுத்தேன். மீள்குடியேறிய அறுபது வீடுகளுக்குப் போய், முந்தின நாள் காலையிலிருந்து படுக்கும்வரை என்ன சாப்பிட்டார்கள் என்று கேட்டு எழுதி, கலோரி கணக்கிட வேண்டும். இதைவிட லேசான வேலை உலகத்தில் இல்லை என்று நினைத்தேன். என் மண்டைக்கனம் அப்படி.

ஒவ்வொரு வீட்டிலும் முன்பக்கத்தில் பிளாஸ்டிக் கதிரை போட்டு இருத்துவார்கள். நான் படிவத்தை விரிப்பேன்.

"நேற்றுக் காலமை என்ன சாப்பிட்டனீங்கள்?"

"பிளேன்ரீ, பிள்ளை."

"மத்தியானம்?"

"சோறும் சம்பலும்."

"இரவு?"

"மிஞ்சின சோறு." கூடவே ஒரு பெருமூச்சு.

எனக்குப் பாவமாக இருக்கும். கேட்டு முடிந்ததும், வெயிலில் வந்த பிள்ளை என்று சாப்பாடு கொண்டுவந்து தருவார்கள். நண்டுக்கறி, பாரைப் பொரியல், முருங்கையிலைச் சுண்டல். நான் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு, கையைக் கழுவி, படிவத்தில் "சம்பல்" என்று எழுதுவேன். அறுபது வீட்டிலும் இதைத்தான் செய்தேன். பாவாடை இறுகிப்போனதற்கு அரிப்புக் காற்றைக் குறை சொன்னேன்.

என் ஆய்வைப் பார்த்த விரிவுரையாளர் மிஸ் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், திரும்பவும் பார்த்தார்.

"இந்தக் கணக்குப்படி உம்மட அரிப்பு ஆக்கள் போன மாசமே செத்திருக்க வேணும். நீர் ஆரோட கதைச்சனீர்?"

மூன்று கிழமை தவணை தந்தார். அதற்குள் சரியான தரவு வராவிட்டால் இன்னொரு வருடம் இருக்க வேண்டும், கூடப் படித்தவர்களோடு பட்டம் வாங்க முடியாது. பஸ்ஸில் மன்னார் வரும்வரைக்கும் அழுதேன். அம்மாவின் ஆணிதான் கண்ணுக்குள் நின்றது.

அம்மாவிடம் சொன்னேன். அவர் அழுவார் என்று பார்த்தால், விழுந்து விழுந்து சிரித்தார்.

"முகாமில கந்தோர் ஆக்கள் படிவத்தோட வந்தா, உன்ர கையில இருக்கிற முட்டையைப் பறிச்சு ஒளிப்பனே, மறந்துபோனியோ? இருமு எண்டு சொன்னா நீதானே அந்த வரிசையிலயே நல்லா இருமுவாய்!"

உண்மை. நான் இருமினால் அதிகாரிமாருக்கே கண் கலங்கும். படிவத்தோடு வருகிறவர் நிவாரணத்துக்கு வருகிறவர். மீன் தின்றோம் என்றால் பெயரை வெட்டிவிடுவார்கள். அந்தப் பயத்திலேயே வளர்ந்த நான், நாலு வருடம் படித்துவிட்டு, அதே படிவத்தைத் தூக்கிக்கொண்டு அதே சனத்திடம் போயிருக்கிறேன்!

அடுத்த பஸ்ஸில் அரிப்புக்குப் போய், கடற்றொழில் செய்யும் குடும்பத்து மெற்றில்டா அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"அட, இது உன்ர சோதினைக்கோ? முதலே சொல்லியிருக்கலாமே, பிள்ளை! நாங்கள் வீட்டுத்திட்டத்துக்கெண்டெல்லோ நினைச்சம்." கிணற்றடியில் நின்ற எல்லோருக்கும் அங்கேயே அறிவித்தார். எனக்கு உயிர் வந்தது.

படிவத்தோடு திரும்பவும் வீடு வீடாகப் போனேன். வந்த உயிர் ஒரு கிழமைதான் நின்றது. படிக்கிற பிள்ளை பெயிலாகக் கூடாது என்று ஊரே முடிவெடுத்துவிட்டது. "பாஸ் பண்ண எவ்வளவு மீன் வேணும்? வெக்கப்படாமல் எழுது" என்றார்கள். நாலு பேர் இருக்கிற வீட்டில் இறால், கணவாய், விளைமீன் எல்லாம் ஒரே மத்தியானத்தில் சாப்பிட்டார்களாம். இன்னொரு வீட்டில் ஆட்டிறைச்சி. அதுவும் தவக்கால வெள்ளிக்கிழமை! எனக்காகப் பாவமே செய்யத் துணிந்துவிட்டார்கள். முதல் கணக்கில் பட்டினியால் செத்த ஊர், இரண்டாம் கணக்கில் வயிறு வெடித்துச் செத்தது.

தவணையில் ஒரு கிழமைதான் மிச்சம். கோயிலுக்குப் போய் அந்தோனியார் சுருபத்துக்கு முன்னால் விழுந்தேன். எனக்கு வடிவாகச் செபிக்கக்கூட வரவில்லை. "அந்தோனியாரே, இந்தச் சனம் என்ன சாப்பிடுது எண்டு எனக்குக் காட்டும். என்ர அம்மாவிட ஆணியை வெறுமனே விட்டிடாதையும்" என்று மட்டும் சொன்னேன். வேலை முடியும்வரை ஒருசந்தி இருப்பதாக நேர்ந்துகொண்டேன். பொழுது படும்வரை ஒரு பருக்கையும் வாயில் வைப்பதில்லை. சாப்பாட்டைப் படிக்கிறவள் சாப்பாட்டை விட்டேன். வேறு வழி தெரியவில்லை.

மறுநாள் மெற்றில்டா அக்கா வீடு. வழமையான கதிரை, வழமைபோலச் சாப்பாடு. மணம் மூக்கைத் துளைத்தது. "வேண்டாம் அக்கா" என்றேன். அக்காவின் முகம் கறுத்துவிட்டது.

"போன முறை நண்டுக் காலைக்கூட விடாமல் உறிஞ்சினனீ. இண்டைக்கு என்ன குறை கண்டனீ? பழசெண்டு நினைச்சியோ? வா, வந்து சட்டியைப் பார்!"

கையைப் பிடித்து அடுப்படிக்கு இழுத்துக்கொண்டு போனார். சகோதரங்களே, அறுபது வீட்டுக்குப் போன நான் ஒரு வீட்டு அடுப்படியையும் அதுவரை பார்த்ததில்லை. சாப்பாடு என்னிடம் வந்தது. நான் சாப்பாட்டிடம் போகவில்லை.

அங்கே தட்டுகள் வரிசையாக இருந்தன. அக்காவின் கணவருக்கு ஒன்று, மாமனாருக்கு ஒன்று, இரண்டு பெடியன்களுக்கும் இரண்டு. எல்லாவற்றிலும் மீன் இருந்தது, கீரை இருந்தது. மூலையில் ஓர் எனாமல் தட்டு. அதில் சோறும் சம்பலும்.

"இது ஆருக்கு, அக்கா?"

"எனக்குத்தான். வேற ஆருக்கு?"

"மீன்?"

"உனக்குப் போட்டனெல்லோ."

"ஆக்கள் வராத நாளில?"

"சின்னவன் வளருற பிள்ளை. ரெண்டு துண்டு கேப்பான்." இதெல்லாம் ஒரு கேள்வியா என்பதுபோல என்னைப் பார்த்தார்.

சோறும் சம்பலும் என்று முதல் நாள் அக்கா சொன்னது, அவரைப் பொறுத்தவரை பொய்யே இல்லை. அன்று நான் உறிஞ்சிய நண்டு அக்காவின் பங்கு. அறுபது வீட்டில் எத்தனை பேருடைய பங்கைத் தின்றேனோ தெரியாது. வெட்கத்தில் அழுதேன். பசியில் அழுகிறேன் என்று நினைத்து அக்கா தட்டைத் திரும்பவும் நீட்டினார்.

மிஸ்ஸுக்கு ரெலிபோன் எடுத்தேன். "கொஞ்ச வீடு போதும், ஆனா கண்ணால கண்டு நிறுத்துக்கொண்டு வாரும்" என்றார். சின்னத் தராசை எடுத்துக்கொண்டு, கதிரையில் இருக்காமல், நேரே அடுப்படிகளுக்குப் போனேன். வீட்டுக்கு இவ்வளவு என்று எழுதாமல் ஒவ்வொருவர் தட்டையும் தனியாக நிறுத்தேன். எல்லா வீட்டையும் சொல்ல மாட்டேன், சில வீடுகளில் சமமாகப் பகிர்ந்தார்கள். ஆனால் பல வீடுகளில் சட்டியில் குறையில்லை, சமைத்தவளின் தட்டில்தான் குறை. அதுவே என் ஆய்வின் முடிவாயிற்று. மிஸ் வாசித்துவிட்டு, "இப்பத்தான் உம்மட ஆக்கள் உயிரோட இருக்கினம்" என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தி, கடைசிப் பக்கத்தைத் திரும்பவும் வாசித்தார்.

நான் பாஸ். படம் ஆணியில் தொங்குகிறது. ஆனால் நான் சாட்சி சொல்ல வந்தது படத்துக்காக மட்டுமல்ல. வேலை முடிந்து வீட்டுக்கு வந்த அன்று மத்தியானம் அம்மாவின் தட்டைப் பார்த்தேன். சோறும், மீன் இல்லாத குழம்பும். எத்தனை வருடமாக அப்படியோ! முகாமில் ஒளித்த முட்டையையும் அவர் ஒருநாளும் தின்றதாக எனக்கு ஞாபகம் இல்லை. இப்போது எங்கள் வீட்டில் முதல் துண்டு அம்மாவுக்கு. "உன்னைப் படிப்பிச்சது பிழையாப் போச்சு" என்று ஏசிக்கொண்டுதான் சாப்பிடுகிறார். பிற வீடுகளிலும், சமைத்தவர் தன் தட்டோடு வந்து பக்கத்தில் இருந்தால்தான் நான் கை நனைப்பேன்.

ஆகவே சகோதரங்களே, நம்பிக் கேளுங்கள். தொலைந்ததை அந்தோனியார் காட்டுவார், நாம் தேடாத இடத்திலும் காட்டுவார். ஒன்று மட்டும் செய்யுங்கள். இன்றைக்குச் சாப்பாட்டுச் செபம் சொல்லும்போது கண்ணை மூட வேண்டாம். அம்மாவின் தட்டில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டு ஆமென் சொல்லுங்கள்.