கூடுதல் நேரம் வேண்டுமா, வேண்டாமா?

இன்று காலை அபுதாபியில் முசஃபா தொழிற்பேட்டைக்குப் போகும் கம்பெனி பஸ்ஸில் கால்பந்துப் பேச்சு. ஆட்டம் சமனில் முடிந்தால் கூடுதல் நேரம் முழுவதையும் ஆட வேண்டுமா என்று விவாதம்.

"முதல் கோல் போட்டவன் ஜெயிச்சான், அத்தோட கலாஸ், ஆட்டம் முடிஞ்சுது" என்றான் புதிதாக வந்த வெல்டர் செல்வம்.

போர்மேன் திரும்பிப் பார்த்து, "அச்சா, நல்ல ஐடியாப்பா" என்றார்.

மூன்று வருடமாக இதே பஸ்ஸில் நான் சொல்லிவரும் யோசனை அது. அவர் ஒருநாளும் திரும்பியதில்லை. எனக்கு வயிறு எரிந்தது.

"அதெப்படி? கோல் வாங்குன டீமுக்குத் திருப்பிப் போட சான்ஸ் வேணாமா? முழுசா ஆடித்தான் ஆகணும்" என்றேன்.

இறங்குவதற்குள் எல்லோரும் என் பக்கம் வந்துவிட்டார்கள். செல்வமே, "நீங்க சொல்றதுதாண்ணே சரி" என்றான்.

முதல் கோலோடு முடிப்பதுதான் நியாயம் என்று இன்னமும் நினைக்கிறேன். இனி இதை யாரிடம் போய்ச் சொல்வது? நீங்களாவது கேட்பீர்களா?