நடந்து வந்த சீர்

அங்கமுத்து முப்பது வருடம் டவுன் பஸ் ஓட்டினார். மல்லசமுத்திரம் கடைவீதிக்குள் பஸ் திரும்பும்போது பூக்காரி தன் கூடையை ஒரு சாண் உள்ளே இழுத்துக்கொள்வாள். அவ்வளவு இடம் போதும். பிறகு வீதியின் இரண்டு ஓரமும் கார்கள் நிற்கத் தொடங்கின. பஸ் ஊருக்குள் வருவதை விட்டு, வெளிரோட்டோடு போய்விட்டது. அவர் ஓய்வு பெற்றதும் அந்த வருடம்தான். மாலை நேரங்களில் பழைய நிறுத்தத்தில் போய் நின்றுவிட்டு வருவார். பஸ் வராது என்று அவருக்குத் தெரியும்.

ஒரே ஒரு ஞாயிறு வீதிக்குள் கார் வேண்டாம், பஸ் பழைய வழியில் வரட்டும் என்று அவர்தான் கடை கடையாக ஏறிக் கேட்டார். பேரூராட்சியில் இழுத்தடித்துச் சம்மதித்தார்கள். அன்றைக்குச் சச்சரவு இல்லாமல் கழிந்தால் பஸ்ஸை நிரந்தரமாக உள்ளே விடலாம் என்றார்கள்.

நோட்டீஸ் ஒட்டிய பிறகு, தங்கை செல்லியம்மாளின் மகள் கோகிலவாணிக்கு அதே ஞாயிறு முகூர்த்தம் குறித்தார்கள். மண்டபம் கடைவீதியின் கடைசியில். மாப்பிள்ளை வீட்டார் கார்களைச் சந்தைத் திடலில் விட்டுவர ஒப்புக்கொண்டார்கள். தங்கைதான் ஒப்பவில்லை.

செல்லியம்மாளின் கல்யாணத்தன்று அவளை அழைத்து வந்த பஸ் ஊர் எல்லைப் பிள்ளையார் கோயிலருகே பழுதாகி நின்றுபோனது. பட்டுச்சேலையோடு கடைவீதி நெடுக நடந்துதான் புகுந்த வீட்டுக்குப் போனாள். மாமியார் சாகும்வரை அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. "நடந்து வந்தவ" என்பாள்.

வீட்டுக்கு வந்த செல்லியம்மாள் உட்காரவில்லை.

"மாமன் சீரு கார்லதான் வரோணுமுங்கண்ணா. என்னாட்ட எம் புள்ளையும் பேச்சு வாங்கோணுமா?"

வீதி முனையில் கட்டப்போகும் கயிற்றைத் தன் வீட்டுக் காருக்கு அவிழ்த்தால் அடுத்தவனை எப்படித் தடுப்பது என்று அவர் சொல்லிப் பார்த்தார். அப்படியானால் சீரே வேண்டாம், எதிர்கொண்டு அழைக்கத் தான் வரப்போவதில்லை என்று போய்விட்டாள்.

டீக்கடையில் கார் ஸ்டாண்டு வேலுமணி கேட்டான். "ஏனுங்க டிரைவரண்ணா, ஊரெல்லாம் நடக்கோணும், உங்க சீரு மட்டும் பறந்து வருமாக்கும்?"

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

ஞாயிறு காலை பிள்ளையார் கோயிலருகே குறுக்கே கயிறு கட்டியிருந்தது. பஸ் வந்தால் மட்டும் அவிழ்க்க இரண்டு பேர் நின்றார்கள். அங்கமுத்துவின் மனைவியும் உறவுப் பெண்களும் சீர்த்தட்டுகளோடு காத்திருந்தார்கள். பழத்தட்டு அவர் கையில். தங்கை வந்து அழைக்காமல் மாமன் உள்ளே போவது முறையில்லை. மண்டபத்துப் பக்கம் மேளம் கேட்கவில்லை.

வீதி வெறுமையாகக் கிடந்தது. பின் தெருவில் தறி ஓடுவது கேட்டது. யாரோ குடம் தேய்த்தார்கள். பிள்ளைகள் சைக்கிளில் நடுவீதியில் வட்டமடித்தார்கள். இவ்வளவு அகலமா இந்த வீதி என்று அவருக்கே தோன்றியது.

மேளம் தொடங்கியது.

செல்லியம்மாள் மேளக்காரர்களுக்கு முன்னால் ஆரத்தித் தட்டோடு வந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் வந்ததும் கயிற்றைப் பார்த்தாள். திரும்பி, தான் நடந்து வந்த வீதியைப் பார்த்தாள்.

ஓரமாக நின்ற வேலுமணி, "கார எடுத்தாரட்டுங்களா அம்மிணி? கயித்த அவுக்கறக்கு ஒரு நிமிசம்" என்றான்.

"வேண்டாஞ் சாமி. கெடக்கட்டும்."

ஆரத்தி சுற்றினாள். எல்லோரும் கயிற்றுக்குக் கீழே குனிந்து உள்ளே வந்தார்கள். அண்ணனும் தங்கையும் மேளத்துக்குப் பின்னால் நடந்தார்கள். பாதி வீதி வந்ததும் அவள் சொன்னாள்.

"அன்னிக்கி நடந்தது நல்லாத்தானுங்கண்ணா இருந்துச்சு. அந்தப் பூக்காரம்மா ஓடியாந்து தலைல பூ வெச்சு உட்டா. ஊட்டுக்குப் போய்ச் சேந்த பொறவுதான் பேச்செல்லாம்..."

அவர் பழத்தட்டைக் கை மாற்றிக்கொண்டார்.

அவர்களுக்குப் பின்னால் பஸ் வீதிக்குள் திரும்பியது. டிரைவர் ஹாரன் அடிக்காமல் நடைக்குத் தக்கபடி மெல்ல உருட்டி வந்தான். பழைய பூக்காரியின் மருமகள், யாரும் சொல்லாமலே, கூடையை ஒரு சாண் உள்ளே இழுத்துக்கொண்டாள்.