கசங்காத விரிப்பு

என் பெரியம்மாவுக்கு அடுத்தவர் வீட்டில் இருப்பதுதான் வேலை. மகளைப் பார்க்க, வைத்தியம் பார்க்க என்று வெளியூர் கிளம்புகிறவர்கள் அவர் கையில் சாவியைக் கொடுத்துவிட்டுப் போவார்கள். அவர்கள் திரும்பும்வரை பெரியம்மா அந்த வீட்டில் தங்கிப் பெருக்கித் துடைத்து, செடிக்குத் தண்ணீர் ஊற்றி, வாசலில் வந்து நிற்பவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும். சுற்றுவட்டாரத்தில் அவருக்குப் பெயரே சாவியம்மா என்று ஆகிவிட்டது. சொந்தமாக ஒரு சாவி கிடையாது என்பது வேறு கதை.

அதற்கு முன்னால் பேருந்து நிலையத்தை ஒட்டிய லாட்ஜில் அறை சுத்தம் செய்கிற வேலை. பெரியப்பா போன பிறகு பிள்ளையை வளர்த்தது அந்த லாட்ஜ்தான். ஆள் காலி செய்த அறைக்குள் போனால் முதலில் கதவை விரியத் திறந்து சுவரோடு சாய்த்துவைக்க வேண்டும். மூடிய கதவுக்குள் வேலை செய்தால், காணாமல் போனதெல்லாம் கூட்டுகிறவள் தலையில்தான் விழும். பிறகு விரிப்பை உருவி உதறி, தலையணையைத் தட்டி, தொட்டியில் ஒட்டியிருக்கும் முடியைக் கையால் எடுத்து, குளியலறையை உலர்ந்த துணியால் ஈரம் போகத் துடைத்து, ஜன்னலை அடைத்துவிட்டு வெளியே வர வேண்டும். மேலாளர் வந்து கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்ப்பார். ஆள் இருந்த சுவடே தெரியக்கூடாது என்பது அவர் வாய்ப்பாடு. அதைக் கேட்டுக் கேட்டுப் பெரியம்மாவின் முதுகு வளைந்தது. லாட்ஜை இடித்துக் கடைகள் கட்டினார்கள். அங்கே அடிக்கடி தங்கிய ஒரு மருந்து விற்பனையாளர், குடும்பத்தோடு வெளியூர் போகும்போது வீட்டைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். அப்படித்தான் இந்த வேலை ஆரம்பித்தது.

ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் இடையில் பெரியம்மா மகன் வீட்டில் இருப்பார். அண்ணன் நல்லவன். அண்ணியும் கெட்டவள் இல்லை, வாய்தான் கொஞ்சம். வீடு சிறியது, பெண் பிள்ளை வளர்ந்துவிட்டாள். அதனால் பெரியம்மாவின் பாய் குளியலறைக்குப் போகும் நடையில்தான் விரியும். விடிந்ததும் ஆளாளுக்கு அவரைத் தாண்டிக்கொண்டுதான் பல் துலக்கப் போவார்கள். அவர் எழுந்து பாயைச் சுருட்டுவதற்குள் அண்ணி சிரித்துக்கொண்டே கேட்பாள்: “என்ன அத்தை, அடுத்த டூர் எப்போ?” பெரியம்மாவும் சிரிப்பார். அப்படிச் சிரித்துவிட்டு நேராக என் வீட்டுக்கு வந்து, ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்து, நான் போட்டுக் கொடுக்கிற டீயை ஆறவிட்டுக் குடிப்பார். அந்த டீயைப் பார்த்தே எனக்கு எல்லாம் தெரிந்துவிடும்.

பேங்க் மேடம் வீடு கிடைத்தபோது பெரியம்மாவுக்கு முட்டி வலி முற்றியிருந்தது. மேடம் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவரும் அவர் கணவரும் மகளிடம் போகிறார்கள், பல மாதம் கழித்துத்தான் வருவார்கள், இனிமேல் வருடா வருடம் இப்படித்தான் என்றார்கள். மாடியோடு கூடிய வீடு. சமையலறைக்குப் பின்னால் ஒரு அறை, அதற்குத் தனியாக ஒரு கதவு, ஒரு ஜன்னல். பழைய பெட்டிகளும் மடக்கு நாற்காலிகளும் போட்டுப் பூட்டிவைத்திருந்தார்கள். கிளம்புகிற அன்று மேடம் அந்த அறையைக் காட்டி, “நாங்க வந்ததும் இதைக் காலி பண்ணி உங்களுக்கே கொடுத்துடலாம்னு இருக்கோம். நாங்க இருந்தாலும் இல்லாட்டியும் நீங்க இங்கேயே இருங்க. வந்து வீட்டைப் பாத்துட்டு முடிவு பண்ணிக்குவோம்” என்று சொன்னாராம்.

பெரியம்மா எப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டிருக்கிறார். “உங்க வீடு மாதிரி இருங்க. நாங்க வரும்போது வீடு வீடா இருக்கணும். அவ்வளவுதான்” என்றாராம் மேடம்.

அந்த அறைக்காகப் பெரியம்மா உழைத்த உழைப்பு அவருக்குத்தான் தெரியும், எனக்குக் கொஞ்சம் தெரியும். நான் அவ்வப்போது பார்க்கப் போவேன். கூடத்தில் சோபாவின் மேல் பழைய துணியைப் போர்த்தியிருப்பார். மாடிக்கு வாரத்துக்கு ஒருமுறை ஏறிப் பெருக்கித் துடைத்து, தூசி வரும் என்று ஜன்னலையும் திரையையும் மூடிவிட்டு, குளியலறைகளை லாட்ஜ் வழக்கப்படி காயத் துடைத்து, கதவைச் சாத்திவிட்டுக் கீழே வருவார். இறங்கும்போது கைப்பிடிச் சுவரைப் பிடிக்க மாட்டார், விரல் படியும் என்று. வீட்டுப் பாத்திரம் எதையும் தொடவில்லை. சொந்தத் தட்டு, சொந்தத் தம்ளர், ஒற்றைச் சுருள் கரண்ட் அடுப்பு எல்லாம் கொண்டுவந்திருந்தார். குளிப்பது, துவைப்பது பின்கட்டுக் குழாயில். இருப்பு, படுக்கை எல்லாம் சமையலறையில். சமைக்கிற வாடை கூடத்துக்குப் போய்த் திரைச்சீலையில் ஏறிவிடும் என்று கூடத்துப் பக்கக் கதவைச் சாத்திக்கொள்வார். சாத்தினால் அந்தக் கதவுக்குப் பின்புறம் ஒரு மூலை கிடைக்கும். அங்கே பாயைப் போட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பார்.

“சோபாவுல உக்காந்தா என்ன பெரியம்மா? யார் பாக்கப் போறா?” என்று ஒருநாள் கேட்டேன்.

“பாக்காதப்ப உக்காந்தா மட்டும் சோபா கசங்காதாடி?” என்றார்.

அவர்கள் வருகிற நாளுக்கு முன்தினம் எனக்குச் சொல்லி அனுப்பினார். போனேன். சோபாவின் மேலிருந்த துணியை எடுத்து உதறினோம். நான் மேசை மேலேறி மின்விசிறி இறக்கையைத் துடைத்தேன். அவர் தன் தட்டு, தம்ளர், அடுப்பு, பாய் எல்லாவற்றையும் கட்டிப் பின்கட்டில் வைத்தார். துணி காயப்போட்ட கயிற்றை அவிழ்த்தார், கயிறு கட்டிய ஆணியைக்கூடத் துடைத்தார். வேலை செய்யும்போது பழக்கம் போகாமல் எல்லாக் கதவுகளையும் சுவரோடு விரியத் திறந்துவைத்திருந்தார். முடிந்ததும் கூடத்து நடுவில் நின்று சுற்றிப் பார்த்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை நான் அதிகம் பார்த்ததில்லை. “ஆள் இருந்த சுவடு தெரியுதா பாரு” என்றார். தெரியவே இல்லை.

மறுநாள் காலையில் அவர்கள் காரில் வந்து இறங்கினார்கள். பெட்டி தூக்கிவைக்க உதவியாக நானும் இருந்தேன். மேடம் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்ததும் நின்றுவிட்டார். வீடு பளபளவென்று இருந்தது. ஆனால் அவர் பார்த்தது அதை இல்லை என்று எனக்குத் தோன்றியது. மூக்கைச் சுருக்கினார். பிறகு மாடிக்கு ஏறினார். மேலே ஒரு கதவு திறக்கிற சத்தம், உடனே இன்னொரு கதவு, பிறகு படபடவென்று ஜன்னல்கள்.

இறங்கி வந்தபோது முகம் மாறியிருந்தது. மாடிக் குளியலறைகளில் சாக்கடை நாற்றம் அடைத்துக்கொண்டிருக்கிறது என்றார். தினமும் ஒரு குவளைத் தண்ணீர் விட்டிருந்தால் குழாய் வளைவில் தண்ணீர் நின்று நாற்றத்தைத் தடுத்திருக்கும், காய்ந்துபோய் அடியிலிருந்து கரப்பான் ஏறி வந்திருக்கிறது என்றார். படுக்கையறை அலமாரிக்குப் பின்னால் சுவரெல்லாம் பூசணம். சோப்பு வெடித்துக் கிடக்கிறது. மெத்தையில் மூடிக் கிடந்த பெட்டியின் வாடை.

லாட்ஜில் எந்த அறையும் சேர்ந்தாற்போல் நாலு நாள் காலியாகக் கிடந்ததில்லை. பெரியம்மாவுக்கு இது எப்படித் தெரியும்? வாரம் தவறாமல் ஏறி இறங்கியதில் அந்த வாடையும் அவர் மூக்குக்குப் பழகியிருக்கும், நானோ மாடிக்குப் போனதே இல்லை. ஆனால் அதைச் சொல்கிற நிலையில் அவர் இல்லை. சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டு நின்றார்.

மேடம் சத்தம் போடவில்லை. அதுதான் பயமாக இருந்தது. சமையலறைக்குள் போய்ப் பாத்திர அலமாரியைத் திறந்தார். தான் கவிழ்த்துவிட்டுப் போன டம்ளர்கள் அதே வரிசையில் இருப்பதைப் பார்த்தார். அடுப்பு மேடையை விரலால் தடவிப் பார்த்தார். திரும்பி வந்து கேட்டார்:

“அம்மா, உண்மையைச் சொல்லுங்க. நீங்க இங்கதான் இருந்தீங்களா?”

பெரியம்மா தலையாட்டினார்.

“எதிர்வீட்டுல போன்ல சொன்னாங்க, ராத்திரியில வெளிச்சமே தெரியலன்னு. நான் நம்பல. இப்போ பாத்தா ஒரு பாத்திரம் நகரல, ஒரு குழாய் திறக்கல. நேத்து வந்து துடைச்சு வச்ச வீடு மாதிரி இருக்கு.”

பெரியம்மா மகன் வீட்டில் இருந்துகொண்டு, முந்தின நாள் வந்து பளபளப்பாக்கியிருக்கிறார் என்று மேடம் நினைக்கிறார். அந்நியர் முன்னால் பேச எனக்கு வராது, இருந்தும் வாயைத் திறந்து, நான் வந்து பார்த்திருக்கிறேன், இங்கேதான் இருந்தார் என்றேன். மேடம் என்னைப் பார்த்து, “நீ அவங்க சொந்தம்தானேம்மா” என்றார். கோபமாகக்கூட இல்லை. அதற்கு மேல் என்ன சொல்வது? இருந்ததற்கான அடையாளம் ஒவ்வொன்றையும் நானும் சேர்ந்துதானே தேய்த்து எடுத்தேன்.

பெரியம்மாவின் கண் பின் அறைக் கதவின் பூட்டுக்குப் போய் வந்தது. பிறகு இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை எடுத்து மேசை மேல் சத்தம் வராமல் வைத்தார். நான் கிளம்பறேன் மேடம் என்று சொல்லப்போகிறார் என்று எனக்குத் தெரிந்தது. நடையில் விரிகிற பாய் என் கண் முன்னால் வந்தது.

அதுவரை பேசாமல் இருந்த மேடத்தின் கணவர், மாடி நாற்றம் கீழே இறங்குகிறது, சமையலறைக்குள்ளும் வந்துவிடப் போகிறது என்று முனகிக்கொண்டே எழுந்து உள்ளே போனார். சுவரோடு சாய்த்துவைத்திருந்த கூடத்துப் பக்கக் கதவை இழுத்துச் சாத்தினார். சாத்திய வேகத்தில் திரும்பப் பாதி திறந்து மேடத்தைக் கூப்பிட்டார். குரலில் எரிச்சல்.

“இங்க பாரு, புதுசா பெயின்ட் அடிச்ச சுவரு.”

நாங்களும் போனோம். கதவு மறைத்திருந்த இடத்தில் சுவரில் ஒரு கறை. உட்கார்ந்தால் தலை படுகிற உயரத்தில், உள்ளங்கை அகலத்துக்கு எண்ணெய் இறங்கிப் பழுப்பாகப் பளபளத்தது. அதற்குக் கீழே முதுகு உரசி உரசிப் பெயின்ட் வழுவழுவென்று மாறியிருந்தது. தரையில் பாய் கிடந்த அளவுக்கு நிறம் வேறாக இருந்தது. கதவைத் திறந்துவைத்தே வேலை செய்து பழகிய பெரியம்மா, கதவு மறைக்கிற சுவரை அன்றுவரை பார்த்ததே இல்லை. அது எப்போதும் அவர் முதுகுக்குப் பின்னால் இருந்தது.

பெரியம்மா சட்டென்று தலைப்பைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு வந்து, குனிந்து அதைத் தேய்க்கப் போனார். “சோடா மாவு போட்டாப் போயிடும் மேடம். போகலைன்னா நானே சுண்ணாம்பு அடிச்சிடறேன்” என்றார்.

மேடம் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

“இங்கயா இருந்தீங்க?”

“ஆமா மேடம்.”

“இத்தனை நாளும்?”

பெரியம்மா தப்பு செய்த பிள்ளை மாதிரி கறையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“மேல கட்டில் இருக்கு, கூடத்துல சோபா இருக்கு. உங்க வீடு மாதிரி இருங்கன்னுதானே சொன்னேன்?”

“கசங்கிடும் மேடம்” என்றார் பெரியம்மா. சற்று யோசித்துவிட்டு, “எங்க வீட்டுலயும் நான் நடையிலதான் படுப்பேன்” என்றார். அதை அவர் குறையாகச் சொல்லவில்லை, கேட்டதற்குக் கணக்காகப் பதில் சொன்னார்.

மேடம் அங்கேயே முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டார். பயணக் களைப்பா வேறு ஏதாவதா, தெரியவில்லை. மாடியில் ஜன்னல் ஒன்று காற்றில் அடித்துக்கொண்டிருந்தது. பிறகு மேசை மேலிருந்த சாவிக்கொத்தை எடுத்து வரச்சொல்லி, பின் அறைச் சாவியை மட்டும் கழற்றிப் பெரியம்மாவிடம் கொடுத்தார். பெட்டிகளை மதியத்துக்கு மேல் எடுத்துவிடலாம் என்றார். அத்தோடு விடவில்லை. அடுத்த முறை தாங்கள் போகும்போது எல்லா ஜன்னலையும் திறக்க வேண்டும், எல்லாக் குழாயிலும் தண்ணீர் விட வேண்டும், மாறி மாறி எல்லா அறையிலும் படுக்க வேண்டும், சோபாவில் உட்கார வேண்டும் என்று அடுக்கினார். “நான் வரும்போது இந்த விரிப்பெல்லாம் கசங்கியிருக்கணும். இல்லாட்டி எனக்குக் கோபம் வரும்.”

பெரியம்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். பின்கட்டுக்குப் போய்த் தன் மூட்டையை எடுக்கும்போது என் காதில், “படுக்கிறதையும் வேலையாக்கிட்டாங்கடி” என்றார். சிரிப்பு வரவில்லை அவருக்கு. களைத்துப்போயிருந்தார். மூட்டையை அவிழ்க்கக்கூடச் செய்யாமல், புது அறையில் பெட்டிகளுக்கு நடுவில் அதைத் தலைக்கு வைத்துப் படுத்தவர், மதியம்வரை எழவில்லை. யாரும் தாண்டிப் போகவில்லை.

அவர்கள் மறுபடி மகளிடம் போன பிறகு ஒருநாள் பார்க்கப் போனேன். காலை வேலை நடந்துகொண்டிருந்தது. ஜன்னல்கள் எல்லாம் திறந்திருந்தன. பெரியம்மா குவளையோடு முட்டியைப் பிடித்துக்கொண்டு மாடிப்படி ஏறினார், நான் பின்னாலேயே போனேன். ஒவ்வொரு குளியலறையிலும் ஒரு குவளை ஊற்றினார். படுக்கையறையைப் பெருக்கித் துடைத்தார். பிறகு கட்டிலுக்குப் போய், முந்தின நாள் அவரே சுருக்கமில்லாமல் இழுத்துவிட்ட விரிப்பை இரண்டு கையாலும் பிடித்துக் கசக்கினார். தலையணையில் முழங்கையை அழுத்தி ஒரு பள்ளம் செய்தார். தள்ளி நின்று பார்த்து, போதவில்லை என்று இன்னொரு தடவை அழுத்தினார்.

“என்ன பெரியம்மா இது?”

“கசங்கியிருக்கணும்னாங்களே.”

“படுத்து எழுந்திருச்சா தன்னால கசங்குமே?”

“படுத்துப் பாத்தேன். தூக்கம் வரல” என்றார். கூடத்துக்கு இறங்கிச் சோபா உறையையும் அதே மாதிரி நாலு இடத்தில் கசக்கிவிட்டார். நான் உதவி செய்யலாமா வேண்டாமா என்று தெரியாமல் நின்றேன்.

வேலை முடிந்ததும் டீ போட்டார். சமையலறைக்குள் போய்க் கூடத்துக் கதவைச் சாத்தினார். அந்தச் சுவருக்கு மேடம் பெயின்ட் அடிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம், கறை அப்படியே இருந்தது. பெரியம்மா பாயை உதறிப் போட்டு, மெதுவாக ஒரு காலை நீட்டி, பிறகு இன்னொரு காலை நீட்டிச் சுவரில் சாய்ந்தார். தலை பழைய இடத்துக்குச் சரியாகப் போய்ச் சேர்ந்தது. டீ சூடாகவே இருந்தது. ஆறவிடாமல் குடித்தார்.