வாய் பொத்திய கை

அக்னெஸ் யாருக்கும் வாய் காட்டப் பயந்தவள் அல்ல. கனடாவில், செயின்ட்-மிஷேலிலிருந்து பஸ் ஏறி ஜான்-டலோன் மரக்கறிச் சந்தைக்கு வேலைக்கு வரும் இந்தப் பாசையூர் மீனவர் வீட்டுக்காரி, அழுகல் தக்காளியைத் தலையில் கட்டப் பார்க்கும் வியாபாரியை அரைகுறைப் பிரெஞ்சிலேயே விரட்டிவிடுவாள். ஞாயிறு பூசையிலும் அவள் குரல்தான் முன்னுக்கு நிற்கும்.

கூட வேலை செய்யும் உக்ரேனியப் பெண் ஹலீனா நேர்மாறு. பீற்றூட் அடுக்கும்போது, உதட்டைத் திறக்காமல் ஒரே மெட்டை முனகுவாள். பாடினால் என்ன என்று அக்னெஸ் ஒருநாள் கேட்டே விட்டாள்.

அது அணிநடைப் பாட்டாம். பழைய நாட்டுப்பாடல் ஒன்றை, முதலாம் உலகப் போருக்குப் போன இளைஞர்கள் நடைக்கேற்ப மாற்றிப் பாடினார்களாம். சோவியத் காலத்தில் அதற்குத் தடை. ஹலீனாவின் தகப்பன் ஒரு கலியாண வீட்டில் அதைப் பாடினார். விடியமுதல் பிடித்துக்கொண்டு போனார்கள், அவர் திரும்பவேயில்லை. தாய் மகளுக்குச் சொற்களைக் காதுக்குள் சொல்லிக் கொடுத்து, வாய்விட்டுப் பாடுவதில்லை என்று சத்தியமும் வாங்கிக்கொண்டாள்.

ரஷ்யப் படை உக்ரேனுக்குள் புகுந்த வாரம், உக்ரேனியர்களின் எதிர்ப்பு ஊர்வலம் ஒன்று அதே பாட்டைப் பாடியபடி சந்தையைக் கடந்தது. ஹலீனா பெட்டியைக் கீழே வைத்தாள். வாயைத் திறந்தாள். அம்மாடி, எவ்வளவு பெரிய குரல்!

மறுகணம் அக்னெஸின் கை அந்த வாயைப் பொத்தியிருந்தது.

"பாடாதை! ஆமி நிக்குது, பிடிச்சுக்கொண்டு போயிடுவாங்கள்!" என்று தமிழில் கத்தினாள்.

சந்தையே திரும்பிப் பார்த்தது. எல்லாரையும்விட அதிர்ந்து போனவள் அக்னெஸ்தான். ஏது ஆமி? எதிரே இருந்தது முட்டைக்கோவாக் குவியல். ஊரில் சிறுமியாக இருந்தபோது, இராணுவச் சோதனைச்சாவடியில் நின்ற பஸ்ஸுக்குள் இயக்கப் பொடியன்களின் போராட்டப் பாட்டொன்றை அவள் பாடத் தொடங்க, தாய் இப்படித்தான் உதடு வெடிக்கப் பொத்தினாள். கனடா வந்து பிள்ளைகளும் பெற்று வளர்த்தாயிற்று. இன்னுமா இந்தக் கை அடங்கவில்லை?

ஹலீனா அந்தக் கையை மெல்ல விலக்கினாள். பிடியை விடாமலே பாட்டை முடித்தாள். பிறகு அக்னெஸ் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, உடைந்த பிரெஞ்சில் சொன்னாள்:

"இப்ப உன்ரை பாட்டு. பாடு, நான் பொத்தமாட்டன்."

அக்னெஸ் மூச்சை இழுத்து வாயைத் திறந்தாள். முதல் சொல் வரவில்லை. மெட்டும் வரவில்லை. அன்று பஸ்ஸுக்குள் தாயின் கையில் மீன் மணத்தது, அது வேர்த்திருந்தது, எல்லாம் நினைவிருந்தது. பாட்டு மட்டும் இல்லை.